8 பைட்டில் நிரம்பி வழிந்த எண்

இணையத்தில் எதுவும் முழுசாகப் பயணம் செய்வதில்லை. மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள யானில் ஒருவர் கைப்பேசியில் பார்க்கும் படம் ஏறக்குறைய 1,500 பைட் அளவுள்ள பொட்டலங்களாக நறுக்கப்பட்டுத்தான் வந்து சேர்கிறது. அவற்றை வாங்கி, தலைப்பைப் படித்து, வரிசைப்படுத்தி, உரிய செயலியிடம் ஒப்படைப்பது இயங்குதளத்தின் கெர்னல். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் பல வீட்டு ரவுட்டர்களுக்குள்ளும் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அதில் பொட்டலங்களைக் கையாளும் நிரலில் யார் ஒரு வரியை மாற்ற நினைத்தாலும், பொதுவாகப் பிறர் அதை வெளிப்படையாகப் பரிசீலித்து ஒப்புக்கொண்ட பிறகே சேர்க்கப்படும்.

இந்த நிரலுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம். 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பொட்டலங்கள் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரை வரலாம். அப்படி வந்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 67 நானோநொடிதான். நினைவகத்திலிருந்து ஒரு தகவலைத் தேடி எடுப்பதற்கே சில சமயம் அவ்வளவு நேரம் போய்விடும். ஆகவே "இன்னொரு சோதனையையும் போட்டு வைப்போமே" என்ற பேச்சு இங்கே எளிதில் எடுபடாது. சோதனை கூடினால் வேகம் குறையும், சோதனை விட்டுப்போனால் ஓட்டை விழும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பரிசீலகர் நிற்கிறார்.

திருத்தங்கள் இரண்டு கிளைகளில் சேர்கின்றன. பிழை நீக்கம் 'நெட்' கிளைக்கும் புது வசதி 'நெட்-நெக்ஸ்ட்' கிளைக்கும் போகும். பிழை நீக்கம் என்றால், எந்தப் பழைய மாற்றத்தால் அந்தப் பிழை நுழைந்தது என்று குறிப்பிட வேண்டும். ஒரு தொகுப்பில் 15 திருத்தங்களுக்கு மேல் அனுப்பக்கூடாது என்பதும் வழக்கம். செயற்கூறின் தொடக்கத்தில் மாறிகளை நீள வரியிலிருந்து குட்டை வரிக்கு இறங்குமுகமாக அடுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. கணினிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, ஆனாலும் அதற்காகவே திருப்பி அனுப்பப்பட்ட திருத்தங்கள் உண்டு.

உண்மையான சோதனை, திருத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத வரிகளில் இருக்கிறது. ஒரு செயற்கூறு பொட்டலத்தின் ஐபி தலைப்பு இருக்கும் இடத்தைச் சுட்டி வைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வரியில், தலைப்பு முழுவதும் ஒரே தொடர்ச்சியான நினைவகத்தில் இருக்கிறதா என்று கேட்கும் உதவிச் செயற்கூறை அழைக்கிறது. பார்வைக்கு வெறும் கேள்விபோல் இருக்கும் அந்த அழைப்பு, தேவைப்பட்டால் தலைப்பைப் புது இடத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்தை விடுவித்துவிடும். முன்பு எடுத்த சுட்டி இப்போது காலி செய்த வீட்டின் முகவரி. சாதாரணப் பொட்டலத்தில் இடமாற்றம் தேவைப்படாது, அதனால் எழுதியவரின் சோதனையில் எல்லாம் சரியாகவே ஓடும். வேண்டுமென்றே துண்டாக்கி அனுப்பப்பட்ட பொட்டலம் வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

தரவை வரிசையாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையின் வரிசை எண்களும் அப்படித்தான். அவை 32 பிட் எண்கள். 10 கிகாபிட் வேகத்தில் மூன்றரை நொடிக்குள் ஒரு சுற்று முடிந்து மறுபடி பூச்சியத்துக்கு வந்துவிடும். எது பெரியது என்று நேரடியாக ஒப்பிட்டு எழுதியிருந்தால், அனுபவப்பட்ட கண் அந்த வரியிலேயே நின்றுவிடும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, விடையின் குறியைப் பார்ப்பதுதான் முறை.

இத்தனை கண்களுக்கும் தப்பிய பிழை ஒன்று 2019 ஜூனில் வெளிவந்தது. நெட்ஃபிளிக்ஸின் ஜொனாதன் லூனி கண்டுபிடித்த அதற்கு 'சாக் பேனிக்' என்று பெயர். வந்து சேர்ந்த துண்டுகளை மறுமுனை அறிவித்ததும், அனுப்பும் பக்கம் அவற்றை ஒரே பெரிய பொட்டலமாக இணைத்து வைக்கும். வேகத்துக்காகச் செய்த நல்ல மாற்றம் இது, 2009இல் வந்த 2.6.29 பதிப்பிலிருந்து இருந்தது. அப்படி இணைத்த பொட்டலத்தில் 17 பகுதிகள் இருக்கலாம், ஒவ்வொன்றும் 32 கிலோபைட் வரை கொள்ளும், மொத்தம் 5,57,056 பைட். மறுமுனை வேண்டுமென்றே 48 பைட் துண்டு போதும் என்று சொல்லி, அதில் 40 பைட்டைத் தலைப்பின் கூடுதல் குறிப்புகள் எடுத்துக்கொண்டால், தரவுக்கு மிஞ்சுவது 8 பைட். வகுத்துப் பார்த்தால் 69,632 துண்டுகள். அவற்றை எண்ணும் இடமோ 16 பிட், 65,535க்கு மேல் ஏறாது. ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் எடை எழுதும் ஏட்டில் இரண்டு இலக்கத்துக்கு மட்டும் கட்டம் இருந்தால் 100 என்பது 00 ஆகிவிடுவதுபோல, 69,632 என்பது 4,096 ஆகிவிடும். பிறகு வேறொரு வரியில் கணக்கு ஒத்துவராமல் கெர்னல் தானே நின்றுவிடும். தூரத்தில் உட்கார்ந்தபடி ஒருவர் சர்வரையே சாய்த்துவிடலாம்.

கூகுளின் எரிக் டுமாசே எழுதிய தீர்வு சிறியது. இணைத்தால் அளவோ துண்டு எண்ணிக்கையோ எல்லை மீறுமா என்று பார்க்கும் இரண்டு 'இஃப்' கூற்றுகள், மீறினால் இணைக்காமல் விட்டுவிடும். பத்தாண்டுக்கு முன் அந்த மாற்றத்தைப் பார்த்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். 8 பைட் தரவு மட்டும் மிஞ்சும்படி துண்டு கேட்கும் மறுமுனை அவர்கள் மனத்தில் வரவில்லை, அவ்வளவுதான். இன்று விசித்திரமான பொட்டலங்களைத் தயாரித்து ஓயாமல் மோதவிடும் வேலையை, 2017 முதல் இயங்கும் கூகுளின் 'சிஸ்பாட்' போன்ற தானியங்கிகள் செய்கின்றன.

யானுக்குத் தெற்கே பினாங்கின் பாயான் லெப்பாஸிலிருந்தும் இந்தப் பரிசீலனைக்குத் திருத்தங்கள் போகின்றன. அங்கே 1972 முதல் இருக்கும் இன்டெல் வளாகத்தின் பொறியாளர்கள், 'எஸ்டிஎம்எம்ஏசி' என்ற ஈதர்நெட் இயக்கி நிரலுக்கு 'எக்ஸ்டிபி' வசதியை 2021இல் சேர்த்தார்கள். கெர்னல் ஒரு பொட்டலத்துக்குத் தன் வழக்கமான பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே, அதை உள்ளே விடுவதா எறிவதா என்று முடிவு செய்ய இது வழிவிடுகிறது. அந்தத் திருத்தங்களும் பொதுவில் கேள்விக்கு உள்ளாகி, மாற்றி எழுதப்பட்டு, மறுபடி அனுப்பப்பட்ட பிறகே 5.13 பதிப்பில் இடம்பெற்றன.

ஒப்புதல் கிடைத்த பிழை நீக்கங்கள் பழைய நிலையான பதிப்புகளுக்கும் எடுத்துச் செல்லப்படுகின்றன. ஆனால் வீட்டு ரவுட்டருக்குள் அவற்றைக் கொண்டுவர வேண்டியவர் தயாரிப்பாளர். அவர் புதுப்பிப்பு அனுப்பாவிட்டால், சுவரோரம் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்குள் பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும்.