எலுமிச்சையில் ரத்தம் வந்தால் எந்த ஆபீசுக்குப் போவது?

நீலகிரியில் தேவர்சோலை, கூடலூர் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரே கதை ஆள் மாறி ஆள் மாறி நடக்கிறது. வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய், அல்லது மகளுக்கு வரன் தள்ளிப்போகிறது. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து எலுமிச்சையை அறுக்கிறார். சாறு சிவப்பாக வடிகிறது. “செய்வினை” என்கிறார். கழிக்கப் பணம் வேண்டும். வீட்டு நகையைச் செம்பில் போட்டு, துணி கட்டி, சொன்ன நாள் வரை பிரிக்காமல் வைக்க வேண்டும். பிரித்தால் உள்ளே கூழாங்கல். எரிச்சலூட்டுவது அதற்கு அப்புறம் நடப்பதுதான். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். இல்லையென்றால், போன நகை எங்கே என்று மை போட்டுப் பார்க்க இன்னொரு மாந்திரீகரைத் தேடிப் போகிறார்கள்.

இந்த வித்தைகளை மேடையில் பிரித்துக் காட்டுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் பி. பிரேமானந்த். 1930-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். கோவை போத்தனூரில் வாழ்ந்து, 2009 அக்டோபர் 4 அன்று அங்கேயே மறைந்தார். கையில் மேஜிக், வாயில் அறிவியல். மெத்தில் ஆரஞ்சு என்ற சாயத்தைக் கத்தியில் தடவிக் காயவைத்தால், எலுமிச்சையின் புளிப்பு பட்டதும் அது சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைக்கும் வீட்டில் இதற்கு ஏன் பயப்பட வேண்டும்? திருநீற்றைக் கஞ்சியில் பிசைந்து உருட்டிக் காயவைத்து, கட்டைவிரல் இடுக்கில் ஒளித்து நசுக்கினால் வெறுங்கையில் விபூதி கொட்டும். ஓமகுண்டத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தூவி, நெய் என்று சொல்லிக் கிளிசரினை விட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

அவருக்கு வழிகாட்டி ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். உறையிட்டு மூடிய ரூபாய் நோட்டின் எண்ணைப் படிப்பது போன்ற அற்புதத்தை ஏமாற்று இல்லாமல் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் இறந்தபின் பிரேமானந்த் அதைத் தொடர்ந்தார். அமெரிக்காவில் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி 1964-ல் ஆயிரம் டாலரில் தொடங்கிய இதேபோன்ற சவால் பத்து லட்சம் டாலர் வரை வளர்ந்தது. பரிசை எவரும் வாங்கவில்லை.

பிரேமானந்த் மேடையோடு நிற்கவில்லை. காற்றிலிருந்து தங்கம் வரவழைப்பதாகச் சொல்லப்பட்ட சத்ய சாய்பாபா மீது 1986-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார். அது தள்ளுபடியானது. ஆனாலும் அற்புதத்தையும் மனுவாக எழுதி அதிகாரி மேசையில் வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே, அந்தப் புத்திதான் லைன் வீடுகளில் இன்று தேவைப்படுகிறது.

மகாராஷ்டிரத்தில் 2013 முதல் மாந்திரீக மோசடிக்குத் தனிச் சட்டம் உண்டு. பக்கத்துக் கர்நாடகமும் 2017-ல் இயற்றியது. தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவுப்படி, ஏமாற்றிப் பணமோ பொருளோ வாங்கினால் ஏழு ஆண்டு வரை சிறை. தெய்வக் குற்றம் வரும் என்று மிரட்டி ஒன்றைச் செய்யவைத்தால் 354-ம் பிரிவு. ஓராண்டு வரை சிறை. “நீங்களாத்தானே கொடுத்தீங்க” என்று ஸ்டேஷனில் கேட்பார்கள். பிடுங்கினால் கொள்ளை, தானாகக் கொடுக்கவைத்தால் மோசடி. சட்டம் அறிந்தவர் கேட்கும் கேள்வியே அல்ல இது.

புகார் எழுதுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். “பரிகாரம் பலிக்கவில்லை” என்று எழுதவே கூடாது. “இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னார் பொய் சொல்லி இத்தனை ரூபாயும் இத்தனை பவுனும் வாங்கிக்கொண்டார்” என்று எழுத வேண்டும். போன் நம்பர், ஜிபே ஸ்கிரீன்ஷாட், நகை ரசீது, அச்சடித்த நோட்டீஸ், சாட்சிகள் பெயர் எல்லாம் சேர வேண்டும். செம்பையும் கல்லையும் கழுவாமல், ஆற்றில் விடாமல் வைத்திருக்க வேண்டும். ஆன்லைன் ஜோதிடருக்குப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

காவல் நிலையத்தில் முதலில், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டுவார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவு. ஆள் கேரளாக்காரர், எல்லை வேறு என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்யலாம். மறுத்தால் அதே புகாரை ஊட்டியிலுள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, சேர்ந்ததற்கான சான்றோடு தபாலில் அனுப்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். தபால் ரசீது இல்லாமல் அங்கே போவது வீண். மறுபடியும் சொல்லலாம்: சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். அல்ல.

“மாதம் ஒருமுறை லாட்ஜில் சந்திக்கலாம், சர்க்கரை, வலிப்பு, புற்றுநோய் பூரண குணம்” என்ற நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும். தாயத்தோ மந்திரமோ நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. ஏமாந்தவர் வேண்டும் என்பதில்லை, நோட்டீஸே போதும். போட்டோ எடுத்துக் காவல் நிலையத்துக்கும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளருக்கும், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் அனுப்பலாம். அதே சுவரைத் தினமும் கடந்துபோகும் அதிகாரிகள் கண்ணில் மட்டும் அது எப்படிப் படாமல் போகிறதோ!

“செய்வினை வைத்தது பக்கத்து வீடு” என்ற பேச்சு பணத்தைவிட ஆபத்து. சூனியக்காரர் என்று பழி சுமத்திக் குறும்பர்களைக் கொன்ற கதை 19-ம் நூற்றாண்டு நீலகிரிக்கு உண்டு. இன்று பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அப்படிச் சொல்லிக் காயப்படுத்தினாலோ மன உளைச்சல் தந்தாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும்.

அதைவிட அவசரமானது பாம்புக்கடி. அதற்கு மந்திரிக்கப் போகவே கூடாது. விஷமில்லாத பாம்பு கடித்தாலும், விஷப்பாம்பு விஷத்தை இறக்காமல் கடித்தாலும் ஆள் தானே பிழைப்பார். பெயர் மந்திரத்துக்குப் போகும். விஷம் ஏறியவருக்கு வீணாகும் ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடி அலையவும் வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி, மந்திரிப்பவர் வீடு வழியில் இருந்தாலும் வண்டி நிற்கக் கூடாது.

மீண்டும் புகாருக்கு வருவோம். வக்கீலுக்குக் காசில்லை என்று அதைப் பாதியில் விடுபவர்கள் நிறைய. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100. நேரில் என்றால் ஊட்டி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம். போகும்போது ஆதார் நகல், புகார் நகல், தபால் ரசீது மூன்றும் கையில் இருக்க வேண்டும்.