எங்கே போய் உட்காருவது? நியூயார்க் பார்களும் ஒரு சின்ன முகவரிப் புத்தகமும்

வெளியூருக்குப் போனால், "இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?"னு கேட்பது எல்லோரும் செய்வதுதான். தன்பாலீர்ப்பாளருக்கும் திருநருக்கும் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கும்: நானும் என் துணையும் போய் உட்கார்ந்தால் முகம் சுளிக்காமல் பரிமாறுவார்களா?

நியூயார்க்கில் இன்று போனை எடுத்துத் தேடினால் பதில் வந்துவிடும். அறுபது வருஷத்துக்கு முன்னால் அதே ஊரில் அந்தப் பதில் ஒரு ரகசியம். அது எப்படி ரகசியமாச்சு, எப்படி வெளியே வந்தது என்று பார்ப்போம்.

உரிமம் என்ற பிடி

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-ல் முடிந்தது. அடுத்த வருஷமே நியூயார்க் மாநிலம், மதுக்கடைகளுக்கு உரிமம் கொடுக்க ஓர் ஆணையத்தை அமைத்தது. உரிமம் வாங்கிய கடையில் ஒழுங்கீனம் நடக்கக் கூடாது என்பது விதி. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் தன்பாலீர்ப்பாளர்கள் வந்து கூடுவதே ஒழுங்கீனம் என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டது. சண்டையோ சத்தமோ தேவையில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினாலே போதும். சாதா உடையில் வந்து உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரர் குறித்துக்கொண்டு போவார், கடையின் உரிமத்துக்கு ஆபத்து.

முறையாகத் தொழில் செய்தவர்கள் பலர் பயந்து ஒதுங்கினார்கள். அந்த இடத்தை மாஃபியா பிடித்துக்கொண்டது. கிறிஸ்டோபர் தெருவில் 1967-ல் தன்பாலீர்ப்பாளர் பாராகத் திறக்கப்பட்ட ஸ்டோன்வால் இன் அப்படிப்பட்ட இடம்தான். மது உரிமம் கிடையாது. உறுப்பினர்கள் சொந்த பாட்டிலோடு வரும் தனியார் கிளப் என்று ஒரு பாவனை. கதவிலிருந்த துளை வழியாக ஆளைப் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடணும். பலரும் பொய்ப் பெயர்தான் எழுதினார்கள். பார் மேசைக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர்கூட இல்லை. இத்தனை மோசமான இடத்துக்கும் கூட்டம் வந்தது. சேர்ந்து ஆட வேறு இடம் அவ்வளவாகக் கிடையாது.

பாக்கெட்டில் அடங்கிய புத்தகம்

பெயர்ப்பலகை சொல்லாத விஷயத்தை ஊருக்குப் புதியவர் எப்படித் தெரிந்துகொள்வார்? பெரும்பாலும் வாய்வழியாகத்தான். இந்த வாய்வழிச் செய்தியை அச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பாப் டாம்ரன். சான் பிரான்சிஸ்கோவில் பார் நடத்தியவர். ஊர் ஊராகப் போய்த் தான் பார்த்த இடங்களை 1960-களின் நடுவில் ஒரு குட்டிப் புத்தகமாக வெளியிட்டார். தலைப்பு வெறுமனே 'முகவரிப் புத்தகம்'. யாராவது உங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாலும் அட்டையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உள்ளே விவரிப்பு கிடையாது. பெயர், முகவரி, பக்கத்தில் சில எழுத்துக் குறிகள், அவ்வளவுதான். நடனம் உண்டு என்பதற்கு ஒரு எழுத்து, சாப்பாடு கிடைக்கும் என்பதற்கு ஒன்று, எல்லா வகை ஆட்களும் கலந்து வருவார்கள் என்பதற்கு இன்னொன்று. 'போவதென்றால் உங்கள் பொறுப்பு' என்ற எச்சரிக்கைக்கும் ஒரு குறி இருந்தது.

இதற்கு முன்னோடி என்று சொல்லத்தக்க ஒன்று நியூயார்க்கிலேயே உண்டு. ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பின மக்களுக்கு அறையும் சாப்பாடும் தரும் இடங்களைத் தொகுத்து 1936 முதல் வெளியிட்ட 'கிரீன் புக்'. இரண்டும் பயண வழிகாட்டிகள் மாதிரிதான் தெரியும். ஆனால் சுற்றுலா வழிகாட்டியில் தப்பான முகவரி இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு கெடும். இந்தப் புத்தகங்களில் தப்பு நேர்ந்தால் அடியோ கைதோ வேலையிழப்போ நேரலாம்.

கிளாஸை மூடிய கை

1966 ஏப்ரல் 21 அன்று, மாட்டஷீன் சொசைட்டி என்ற உரிமை அமைப்பைச் சேர்ந்த சிலர் பத்திரிகையாளர்களைக் கூட்டிக்கொண்டு பார் பாராக ஏறி இறங்கினார்கள். திட்டம் எளிமையானது. நாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள், ஒழுங்காகத்தான் நடந்துகொள்வோம், எங்களுக்குப் பரிமாறுங்கள் என்று சொல்வது. மறுத்தால் ஆணையத்திடம் புகார் கொடுப்பது. முதலில் போன உணவகம் மூடியிருந்தது. அடுத்த இரண்டு இடங்களில் தகராறே இல்லாமல் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள்! கடைசியில் மேற்கு 10-வது தெருவில் உள்ள ஜூலியஸ் பாருக்குப் போனார்கள். சில நாள் முன்புதான் அங்கே போலீஸ் நடவடிக்கை நடந்திருந்தது. பார்காரர் கிளாஸை எடுத்து வைத்தார். அவர்கள் விஷயத்தைச் சொன்னதும் அதைக் கையால் மூடினார். அந்தக் கையைப் ஃபிரெட் மெக்டாரா எடுத்த படம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அப்படி ஒரு தடையே கிடையாது என்று ஆணையம் கையை விரித்தது. அடுத்த வருஷம் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் உச்ச நீதிமன்றம், ஒழுங்காக நடந்துகொள்ளும் தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பாரில் கூட உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் போலீஸ் சோதனை நிற்கவில்லை. 1969 ஜூன் 28 அதிகாலையில் ஸ்டோன்வாலில் நடந்த சோதனையை மக்கள் எதிர்த்து நின்ற கதை உலகத்துக்கே தெரியும். ஜூலியஸிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம், பக்கம்தான்.

இன்றைக்குத் தேடுவது

பாலியல் ஈர்ப்பைக் காரணம் காட்டிப் பரிமாற மறுப்பதை நியூயார்க் நகரம் 1986-ல் சட்டப்படி தடுத்தது. திருநருக்கான பாதுகாப்பு 2002-ல் வெளிப்படையாகச் சேர்ந்தது. கூகுள் மேப்ஸில் கடைக்காரரே தன் கடைக்கு 'எல்ஜிபிடிக்யூ நட்பு' என்று அடையாளம் போட்டுக்கொள்ளலாம். இங்கேதான் கவனம் வேணும். டாம்ரன் புத்தகத்தில் சொன்னவர் வாடிக்கையாளர். இங்கே சொல்பவர் கடைக்காரர். அதனால் அடையாளத்தோடு நிற்காமல் போய்வந்தவர்கள் எழுதியதையும் படியுங்கள். அதிலும் உங்களைப் போன்றவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். ஆண்களுக்கு வசதியான பார் திருநங்கைக்கும் அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது.

வில்லேஜ், செல்சி, ஹெல்ஸ் கிச்சன் என்று எல்லோரும் சொல்லும் பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். குயின்ஸில் உள்ள ஜாக்சன் ஹைட்ஸில், 74-வது தெருவின் இந்தியக் கடைகளிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே, ரூஸ்வெல்ட் அவென்யூவில் லத்தீன் அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர் பார்கள் இருக்கின்றன.

ஜூலியஸ் பாரை 2022 டிசம்பரில் நகரம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. கடை இன்றும் நடக்கிறது. போனால் ஹாம்பர்கர் சாப்பிட்டுப் பாருங்கள், அதற்கும் பேர் போன இடம்தான்.