பம்பை எங்கே வைப்பது?

கடுங்குளிர் நாட்டில் உள்ள ஒரு மாடி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி. வீட்டின் நிலவறையில் கொதிகலன் ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. அதில் சூடேறிய நீர் குழாய்களின் வழியே மாடிக்கு ஏறுகிறது. அறைதோறும் சுவரோரமாக நிற்கும் ரேடியேட்டர் என்னும் உலோகக் கலங்களுக்குள் புகுந்து, தன் வெப்பத்தை அறைக்கு அளித்து, ஆறிய நிலையில் மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது. நீரை இவ்வாறு ஓயாமல் சுற்றி வரச் செய்வது ஒரு சிறிய பம்பு. கனடாவிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ வீடுகள் இம்முறையில் சூடேற்றப்படுகின்றன. டொராண்டோவிலோ இலண்டனிலோ உங்கள் உறவினர் இருந்தால், ரேடியேட்டரைப் பற்றி அவர்களிடம் கேட்டிருப்பீர்கள்.

இந்த வீட்டில் ஒரு புதிர். மாடி அறையின் ரேடியேட்டர் அடிக்கடி குளிர்ந்துவிடுகிறது. குழாய்களில் களகளவென்று ஓசை கேட்கிறது. பழுது பார்ப்பவர் வருகிறார்; ரேடியேட்டரின் மேல்முனையிலுள்ள திருகைத் திறக்கிறார்; உள்ளே தேங்கியிருந்த காற்று சீறிக்கொண்டு வெளியேறுகிறது. அறை மீண்டும் சூடாகிறது. ஆனால் ஒரு வாரம் சென்றதும் பழைய கதைதான்! குழாயில் எங்கும் ஒழுக்கு இல்லை. ஒரு சொட்டு நீர்கூட வெளியே வரவில்லை. நீர் வெளியேற வழியில்லாத குழாய்க்குள் காற்று மட்டும் எப்படி நுழைகிறது?

பம்பு பொருத்தப்பட்டிருக்கும் இடமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். "நீர் ஓடுவது மூடிய வட்டத்தில். வட்டத்திற்கு முதல் ஏது, முடிவு ஏது? பம்பை எங்கே வைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விடை காண்போம்.

ராட்டினம் போல ஒரு சுழற்சி

கிணற்றுப் பம்பு நீரை உயரத்திற்குத் தூக்க வேண்டும். ஆனால் நாம் கூறிய வீட்டுப் பம்புக்கு அந்த வேலை இல்லை. திருவிழா ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஏறும் பெட்டிகளின் எடையை மறுபக்கம் இறங்கும் பெட்டிகள் ஈடு செய்துவிடுகின்றன. ராட்டினத்தைச் சுற்றுபவர் உராய்வை வென்றால் போதும். அதைப் போலவே, மாடிக்கு ஏறும் நீரை, மாடியிலிருந்து இறங்கும் நீர் ஈடு செய்கிறது. குழாய்ச் சுவர்களின் உராய்வை வெல்வது மட்டுமே பம்பின் வேலை. ஆகவேதான் மிகச் சிறிய பம்பே ஒரு வீட்டிற்குப் போதுமானதாகிறது.

பம்பு உராய்வை எப்படி வெல்கிறது? தன் வாயில்கள் இரண்டுக்கும் இடையே ஓர் அழுத்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. நீர் வெளியேறும் வாயிலில் அழுத்தம் அதிகம். நீர் நுழையும் வாயிலில் குறைவு. இந்த வேறுபாடு 3 மீட்டர் உயர நீர்ப்பத்தியின் அழுத்தத்திற்குச் சமம் என்று கொள்வோம். இனி இதைச் சுருக்கமாக '3 மீட்டர்' என்றே குறிப்போம். வளிமண்டல அழுத்தம் இந்த அளவில் ஏறத்தாழ 10.3 மீட்டர் ஆகும்.

இங்கே ஒரு நுட்பமான கேள்வி எழுகிறது. பம்பு ஓடத் தொடங்கும்போது, வெளியேறும் வாயிலில் அழுத்தம் 3 மீட்டர் கூடுகிறதா? அல்லது நுழையும் வாயிலில் 3 மீட்டர் குறைகிறதா? இரண்டிலும் வேறுபாடு ஒன்றே. எது நிகழும் என்பதைப் பம்பு தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது வேறொரு கருவி.

விரிவுத் தொட்டி

நீர் சூடேறினால் விரியும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள 100 லிட்டர் நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் பருமன் ஏறக்குறைய 2.7 லிட்டர் கூடிவிடும். நீரோ எளிதில் அமுங்காத பொருள். மூடிய குழாயில் விரிவதற்கு இடம் இல்லையெனில் அழுத்தம் அபாயகரமாக உயர்ந்துவிடும். ஆகவே குழாயுடன் ஒரு சிறு தொட்டியை இணைக்கின்றனர். அதன் நடுவே ஒரு ரப்பர்த் திரை. திரைக்கு ஒரு புறம் குழாய் நீர், மறுபுறம் அடைபட்ட காற்று. நீர் விரியும்போது திரையைத் தள்ளி, காற்றை அமுக்கி, தனக்கு இடம் தேடிக்கொள்கிறது. இதுவே விரிவுத் தொட்டி.

ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். ஊசி நீக்கிய இஞ்செக்‌ஷன் குழல் ஒன்றில் பாதியளவு காற்றை இழுத்துக்கொண்டு, அதன் முனையை விரலால் அடைத்து, தண்டை அழுத்துங்கள். காற்றின் பருமன் குறையக் குறைய அது உங்கள் விரலை மேலும் மேலும் தள்ளுவதை உணர்வீர்கள். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, பருமன் குறைந்தால் அழுத்தம் கூடும். பருமன் கூடினால் அழுத்தம் குறையும். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. இதையே திருப்பிச் சொன்னால், பருமன் மாறாதவரை அழுத்தமும் மாறாது.

இப்போது பம்பை ஓட விடுவோம். விரிவுத் தொட்டியிலுள்ள காற்றின் பருமன் மாற வேண்டுமானால், தொட்டிக்குள் நீர் புக வேண்டும் அல்லது தொட்டியிலிருந்து நீர் வெளியேற வேண்டும். பம்பால் தொட்டிக்குள் நீரைத் திணிக்க முடியுமா? முடியாது. அந்த நீரை அது குழாயின் வேறொரு பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும். அங்கோ குழாய் நிறைய நீர். எடுத்தால் வெற்றிடம்தான் மிஞ்சும். குழாய் சுருங்குவதுமில்லை, நீர் விரிந்து கொடுப்பதுமில்லை. ஆகவே தொட்டியில் நீரின் அளவு மாறவில்லை. காற்றின் பருமனும் மாறவில்லை. எனவே அழுத்தமும் மாறவில்லை. பம்பு ஓடினாலும் நின்றாலும் தொட்டி இணைந்துள்ள இடத்தில் அழுத்தம் ஒன்றே! அமெரிக்கப் பொறியாளர் கில் கார்ல்சன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விடத்தை 'அழுத்தம் மாறாப் புள்ளி' என்ற பொருள்படும் பெயரால் விளக்கிக் காட்டினார்.

மின்சுற்றில் ஓர் உவமை

மின்சாரம் படித்த மாணவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 3 வோல்ட் மின்கலம் ஒன்றைத் தடைகளுடன் மூடிய சுற்றாக இணையுங்கள். சுற்றில் ஓரிடத்தின் மின்னழுத்தம் என்ன என்று கேட்டால், எந்த இடம் புவியுடன் இணைக்கப்பட்டுள்ளது என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். எதிர்முனையைப் புவியுடன் இணைத்தால், சுற்றின் மற்ற இடங்கள் நேர் மின்னழுத்தம் பெறும். நேர்முனையைப் புவியுடன் இணைத்தால், அவையெல்லாம் எதிர் மின்னழுத்தம் பெறும். இரண்டிலும் ஓடும் மின்னோட்டம் ஒன்றே.

நம் வீட்டில் பம்பே மின்கலம். குழாயின் உராய்வே தடை. விரிவுத் தொட்டியே புவித் தொடர்பு.

கணக்கிட்டுப் பார்ப்போம்

பம்பு நின்றிருக்கும்போது நிலவறையில் குழாயின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் 8 மீட்டர் என்று கொள்வோம். மாடி ரேடியேட்டர் 6 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே அங்கே அழுத்தம் 8 - 6 = 2 மீட்டர். நீர் அந்த ரேடியேட்டரை அடையும்போது, பம்பு தரும் 3 மீட்டரில் 2.5 மீட்டர் உராய்வில் செலவாகிவிடுகிறது என்றும் கொள்வோம்.

முதல் அமைப்பில், பம்பு தொட்டியை நோக்கி நீரைத் தள்ளுகிறது. அதாவது நீர் வெளியேறும் வாயிலுக்கு அருகே தொட்டி இருக்கிறது. அங்கே அழுத்தம் மாறாது. 8 மீட்டராகவே இருக்கும். அங்கிருந்து நீர் செல்லச் செல்ல அழுத்தம் குறைந்துகொண்டே போகும். மாடி ரேடியேட்டரில் அழுத்தம் 2 - 2.5 = -0.5 மீட்டர். அதாவது வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு!

இரண்டாவது அமைப்பில், பம்பு தொட்டியின் பக்கமிருந்து நீரை எடுத்து, தொட்டியை விட்டு விலக்கித் தள்ளுகிறது. இப்போது நீர் நுழையும் வாயிலில்தான் அழுத்தம் மாறாது. வெளியேறும் வாயிலில் 8 + 3 = 11 மீட்டர். ரேடியேட்டரை அடையும்போது 2.5 மீட்டர் செலவாகி, 0.5 மீட்டர் எஞ்சுகிறது. எனவே அங்கே அழுத்தம் 2 + 0.5 = 2.5 மீட்டர்.

அதே பம்பு, அதே குழாய், அதே வேகத்தில் ஓடும் நீர். ஆயினும் ஓர் அமைப்பில் மாடி ரேடியேட்டர் காற்றை உறிஞ்சுகிறது, மற்றதில் உறிஞ்சுவதில்லை.

புதிர் விடுபட்டது அல்லவா? குழாயின் உச்சியில், காற்றைத் தானே வெளியேற்றும் வால்வு ஒன்றைப் பொருத்துவதுண்டு. உள்ளே அழுத்தம் குறைந்தால் அதே வால்வின் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைந்துவிடும். பம்பு நின்றதும் அழுத்தம் 2 மீட்டராக உயர்ந்துவிடுவதால், பழுது பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்! மேலும், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். அழுத்தம் குறைந்தால் நீரில் கரைந்துள்ள வாயு வெளிப்படும் என்பதற்கு அது சான்று. 1803-இல் வில்லியம் ஹென்றி கண்டறிந்த இவ்விதி இங்கும் செயல்படுகிறது. வெளிப்பட்ட காற்று உச்சியில் தேங்கி நீரோட்டத்தை மறிக்கிறது. புதிய காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பையும் அரிக்கிறது. ஓட்டம் நின்ற குழாய், கடுங்குளிரில் உறைந்து வெடிக்கவும் கூடும்.

பழக்கம் எங்கிருந்து வந்தது?

அப்படியானால் பம்பைத் தவறான இடத்தில் ஏன் வைத்தார்கள்? தொடக்க காலத்தில் பம்பே கிடையாது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே ஏற, ஆறிய நீர் கீழே இறங்க, சலனம் தானாகவே நடந்தது. பின்னர் பம்பு வந்தபோது, அதன் அச்சில் நீர் கசியாமல் தடுக்கும் அடைப்புகள் அதிக வெப்பத்தைத் தாங்கவில்லை. எனவே ஆறிய நீர் திரும்பி வரும் குழாயில் பம்பை வைத்தார்கள். விரிவுத் தொட்டியோ கொதிகலனின் மறுபக்கத்தில், சூடான நீர் வெளியேறும் இடத்தில் இருந்தது. இதனால் பம்பு கொதிகலன் வழியாகத் தொட்டியை நோக்கியே தள்ளும்படி ஆயிற்று. பம்பு சிறிதாக இருந்தவரை இக்குறை வெளியே தெரியவில்லை. உயர்ந்த கட்டடங்களும் வலிமையான பம்புகளும் வந்தபோது வெளிப்பட்டது. இன்றைய பம்புகள் வெப்பத்தை நன்கு தாங்குகின்றன. பழைய காரணம் மறைந்த பின்பும் பழைய பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1990-களில் டான் ஹோலோஹன் என்ற அமெரிக்க எழுத்தாளர், குழாய் வேலை செய்வோருக்காக இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

பம்பை இடம் மாற்ற முடியாவிட்டால், குழாய் முழுவதிலும் தொடக்க அழுத்தத்தைச் சற்று உயர்த்தலாம். நம் வீட்டில் 8 மீட்டரை 11 மீட்டர் ஆக்கினால், ரேடியேட்டரில் -0.5 என்பது 2.5 ஆகிவிடும். ஆனால் காப்பு வால்வு திறக்கும் எல்லையை நாம் அந்த அளவுக்கு நெருங்கிவிடுவோம்.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு கணக்கு. விரிவுத் தொட்டியை, உராய்வில் பாதி செலவாகும் இடத்தில் நிலவறைக் குழாயிலேயே இணைத்தால், பம்பின் இரு வாயில்களிலும் அழுத்தம் என்னவாகும்? மின்கலச் சுற்றின் நடுப்புள்ளியைப் புவியுடன் இணைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வாயிலில் 9.5 மீட்டர், மறு வாயிலில் 6.5 மீட்டர் என்று விடை வந்தால், நீங்கள் பொருளை நன்கு உணர்ந்துகொண்டீர்கள்.