தேசிய அடையாள அட்டை இலக்கம் அமையும் முறை

வட்டவளையிலும் அதனையடுத்த பகுதிகளிலும் நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர் உர மானியத்திற்குப் பதியும்போதும், வங்கியிற் கடன் கோரும்போதும், தோட்டத்தில் உழைத்தோர் சேமலாப நிதியைப் பெறும்போதும் முதலில் வினவப்படுவது அடையாள அட்டை இலக்கமேயாகும். ஆதலின் அதன் அமைப்பை அறிந்திருத்தல் நன்று.

உரியவர் யாவர்?

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆட்பதிவுத் திணைக்களம் இவ்வட்டையை வழங்குகின்றது. இது இலங்கைப் பிரஜைகளுக்கே உரியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதனால் இவ்வட்டையும் பலருக்கு எட்டாதிருந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை அளித்தது.

இலக்கத்தின் பொருள்

2016 முதல் வழங்கப்படும் இலக்கம் 12 தானங்களைக் கொண்டது.

1. முதல் நான்கு தானங்கள் பிறந்த ஆண்டு.
2. அடுத்த மூன்று, அவ்வாண்டில் பிறந்த நாளின் எண். பெண்களுக்கு இதனுடன் 500 கூட்டப்படும்.
3. அடுத்த நான்கு தொடரிலக்கம்.
4. இறுதித் தானம், பிழையாக எழுதிய இலக்கத்தைக் கண்டுபிடிப்பதற்கான சரிபார்ப்பு எண்.

உதாரணமாக, 2010 பெப்ரவரி 10 ஆண்டின் 41ஆம் நாள். அன்று பிறந்த ஆணின் இலக்கம் 2010041 எனவும், பெண்ணின் இலக்கம் 2010541 எனவும் தொடங்கும்.

பழைய இலக்கத்தில் ஒன்பது தானங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உள. ஆண்டுக்கு இரண்டு தானங்களே உண்டு. 'வீ' என்னும் எழுத்து வாக்குரிமை உடையோரையும், 'எக்ஸ்' அஃதில்லாதோரையும் குறிக்கும்.

கவனிக்க வேண்டியவை

பிறந்த திகதியிலிருந்தே இலக்கம் உருவாவதால், திகதி பிழைத்தால் இலக்கமும் பிழைக்கும். விதை பழுதாயின் விளைவும் பழுதாவது போலவே இதுவும். பெயரின் எழுத்து பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், தோட்டப் பதிவேட்டில் வேறுவிதமாகவும் இருப்பின், முதுமையில் சேமலாப நிதியைப் பெறுவதிற் பெருந்தடை நேரும்.

ஆகவே, பிள்ளை பிறந்தவுடன் பதிவு செய்து, பத்திரத்திலுள்ள பெயரையும் திகதியையும் வாசித்துப் பாருங்கள். வாசிக்க இயலாதோர் ஆசிரியரைக் கொண்டு வாசிப்பியுங்கள். பிழையிருப்பின் தாமதியாது திருத்துவியுங்கள். பதினைந்து வயது நிரம்பியதும், கிராமத்தில் வசிப்போர் கிராம உத்தியோகத்தர் மூலமும், தோட்டத்தில் வசிப்போர் தோட்ட அத்தியட்சகர் மூலமும் விண்ணப்பித்தல் வேண்டும்.