மைல்கல் இல்லாத வழி

இரவு விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளியே கும்மிருட்டு, கீழே மேகம். சாலையும் இல்லை, மைல்கல்லும் இல்லை. விமானிக்கு எப்படி வழி தெரிகிறது?

பழைய முறை, கணக்கு. புறப்பட்ட இடம், போகும் திசை, வேகம், கடந்த நேரம் ஆகிய நான்கும் தெரிந்தால் இப்போது இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துவிடலாம். 1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு விமானி லிண்ட்பெர்க் 33 மணி நேரத்துக்கும் மேலாகத் தனியே பறந்தது இந்தக் கணக்கை நம்பித்தான். ஆனால் காற்று அதைக் குலைத்துவிடும். பக்கவாட்டில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றைச் சேர்க்க மறந்தால், ஒரே மணி நேரத்தில் விமானம் 100 கி.மீ. விலகியிருக்கும்.

அதனால் தரையில் ‘வி.ஓ.ஆர்.’ என்ற வானொலி நிலையங்களை அமைத்தார்கள். ஒரு கலங்கரை விளக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் ஒளிக்கற்றை வடக்கிலிருந்து கிழக்காக, 36 விநாடிக்கு ஒரு சுற்று வருகிறது. அதாவது விநாடிக்கு 10 பாகை. கற்றை வடக்கைத் தொடும்போதெல்லாம் இன்னொரு விளக்கு எல்லாத் திசைக்கும் பளிச்சென்று மின்னுகிறது. அது மின்னியதும் எண்ணத் தொடங்குங்கள். 9 விநாடி கழித்துக் கற்றை உங்கள் கண்ணில் பட்டால், நீங்கள் விளக்கத்துக்கு நேர் கிழக்கே இருக்கிறீர்கள். வி.ஓ.ஆர். இதையே வானொலி அலையால் விநாடிக்கு 30 முறை செய்கிறது.

நடுக்கடலில் நிலையம் ஏது? அங்கே விமானத்துக்குள் இருக்கும் உணர்கருவிகள் ஒவ்வொரு திருப்பத்தையும் வேக மாற்றத்தையும் அளந்து இடத்தைக் கணிக்கின்றன. வெளியுதவி எதுவும் தேவையில்லை. ஆனால் நேரம் ஆக ஆகப் பிழை சேரும். சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அந்தப் பிழையைத் திருத்துகின்றன.

இத்தனை இருந்தும் கவனம் பிசகினால் என்ன ஆகும்? 1983 செப்டம்பர் 1 அன்று, அலாஸ்காவிலிருந்து சியோலுக்குப் பறந்த கொரிய விமானம் சோவியத் எல்லைக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேரும் இறந்தார்கள். விமானத்தில் வழிகாட்டும் கருவிகள் இருந்தன. தானியங்கியோ அவற்றைப் பின்பற்றாமல், திசைகாட்டி காட்டிய ஒரே திசையைப் பிடித்துப் போயிருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஜி.பி.எஸ். சேவையை உலகின் பயணிகள் விமானங்களுக்கும் வழங்குவதாக அமெரிக்கா அறிவித்தது அந்தத் துயரத்துக்குப் பிறகுதான்.

இன்று விமானக் கணினி, வி.ஓ.ஆர்., உணர்கருவிகள், ஜி.பி.எஸ். தரும் விடைகளை ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் பெருங்கடலைக் கடக்கும் விமானிகள், குறித்த புள்ளி ஒவ்வொன்றையும் தாண்டும்போது திசை, தூரம், நேரம் மூன்றையும் தாங்களே சரிபார்க்கிறார்கள். லிண்ட்பெர்க் போட்ட அதே கணக்கு அது.