நீண்ட கை திரும்ப வேண்டும்

குத்துச்சண்டை என்றதும் நம்மில் பலருக்கு மூக்கில் வழியும் இரத்தம்தான் நினைவுக்கு வரும். பயிற்சிக்குப் போகக் கேட்டபோது என் உம்மாவும், "பொம்புளப் புள்ளக்கி அடிக்கப் படிச்சி என்னத்துக்கு?" என்றார். ஆனால் முதல் மாதம் முழுவதும் நான் யாரையும் அடிக்கவில்லை. கண்ணாடியின் முன் நின்று ஒரேயொரு குத்தைத்தான் பழகினேன். அதன் பெயர் ஜாப்.

முன்னால் உள்ள கையால் நேராக விடும் குத்தே ஜாப். எதிராளியை வீழ்த்துவது அதன் முதல் வேலையன்று. தூரத்தை அளப்பது, நெருங்கி வருபவரைத் தடுப்பது, அடுத்த குத்துக்கு வழி திறப்பது ஆகியவற்றுக்கே அது பெரிதும் பயன்படுகிறது.

வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்வைத்து, முழங்கால்களைச் சற்றுத் தளர்த்தி நிற்க வேண்டும். பின்காலின் குதிகால் இலேசாக உயர்ந்திருக்கும். கைகள் இரண்டும் கன்னத்தருகிலும் முழங்கைகள் விலாவை ஒட்டியும் இருக்க, நாடியைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

இனி இடக்கை நேராக நீள வேண்டும். முதலில் அதைப் பின்னுக்கு இழுத்தால் குத்து வரப்போவதை எதிராளி அறிந்துவிடுவார். முழங்கை வெளியே விரியவும் கூடாது. கை நீளும்போது தோள் உயர்ந்து நாடியை மறைக்கும். முடிவில் உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பும். சுட்டுவிரல், நடுவிரல் மொழிகளே இலக்கில் பட வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கினாலோ மணிக்கட்டு வளைந்தாலோ காயம் நமக்குத்தான். குத்தும் கணத்தில் மூச்சை வெளிவிட வேண்டும். வலக்கை கன்னத்தை விட்டு அகலக்கூடாது.

இத்துடன் ஜாப் முடிந்துவிட்டது என்றே நானும் நினைத்தேன். உண்மையில் பாதிதான் முடிந்திருக்கிறது. போன வழியிலேயே கை விரைவாகக் கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். அது தாழ்ந்து திரும்பினால் முகத்தைக் காக்க எதுவுமில்லை. முஹம்மத் அலியின் ஜாப் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் கைகளைத் தாழ்த்தியே சண்டையிடுவார். அவரது வேகம் அதற்கு ஈடுகொடுத்தது. அவரும் 1963இல் இலண்டனில் ஹென்றி கூப்பரின் இடக்கைக் குத்தில் தரையில் விழுந்தார். அத்தகைய வேகம் இல்லாத நாம் அவரது கைகளைப் பார்த்துப் பழகுவது ஆபத்து.

பெற்றோர் கவனிக்க வேண்டியதும் உண்டு. தலைக்கவசம் வெட்டுக்காயங்களைக் குறைக்குமேயன்றி மூளை அதிர்ச்சியை முழுதாகத் தடுக்காது. ஆகவே பிள்ளையை எப்போது நேருக்கு நேர் மோத விடுவார்கள் எனப் பயிற்றுநரிடம் கேளுங்கள். அவசரப்படுத்துபவரிடம் அனுப்பாதீர்கள். ஹிஜாபும் உடல் மூடிய ஆடையும் தடையாக இருந்த காலம் மாறிவிட்டது. சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் 2019இல் அவற்றை அனுமதித்தது.

ஒரு நாள் சமையலறை வாசலில் மெதுவாகப் பழகிக்கொண்டிருந்தேன். நெடுநேரம் பார்த்திருந்த உம்மா கேட்டார்: "என்ன மகள், அடிக்கிறதை விடக் கைய எடுக்கிறதத்தானே கூடப் பழகுறீங்க?"

என் பயிற்றுநர் மாதக்கணக்கில் சொன்னதை உம்மா ஒரே பார்வையில் கண்டுகொண்டார்.