கொல்லையிலே ஒரு மலை!

எங்கள் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் எதிரே கல்வராயன் மலைதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மலையின் இடுப்பு வரைக்கும் மேகம் இறங்கி நிற்கும். உலையில் சாதம் பொங்கி வழிகிற மாதிரி மெள்ள மெள்ள வழிந்து வரும். பங்குனி, சித்திரையில் மலை காய்ந்து பழுப்பாகிவிடும். அப்போது சில ராத்திரிகளில் காட்டில் தீப்பிடித்து, யாரோ சீரியல் விளக்குப் போட்டாற்போல் வளைந்து வளைந்து எரியும். கல்யாணமான புதிதில் மொட்டை மாடியில் நின்று, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று வாயைப் பிளந்து பார்த்தவள் நான். அது அழகில்லை என்று புரிய எனக்கு வெகு நாளாயிற்று.

கச்சிராயபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் நான் அந்த மலைமேல் ஏறியது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு, அன்றைக்கே திரும்பியாயிற்று. பக்கத்தில் இருப்பதை நாம் எங்கே பார்க்கிறோம்?

போன வருஷம் பூஜை லீவுக்குச் சென்னையிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். அதற்கு முந்தின லீவுக்கு முதுமலை போய் வந்தவர்கள். யானை பார்த்தோம், மான் பார்த்தோம் என்று பிள்ளைகள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சின்னவன், எட்டு வயசுக்காரன், "இங்கே என்ன அத்தை இருக்கு பார்க்க?" என்று கேட்டுவிட்டான். எனக்குச் சுருக்கென்றது.

அவன் கேட்டதிலும் தப்பில்லை. முதுமலையை 1940-லேயே சரணாலயமாக்கிவிட்டார்கள். இன்று அது தேசியப் பூங்கா, புலிகள் காப்பகமும்கூட. அமெரிக்காவில் 1872-ல் எல்லோஸ்டோன் என்ற இடத்தை உலகத்தின் முதல் தேசியப் பூங்காவாக்கினார்கள். நம் நாட்டில் 1936-ல் இமயமலை அடிவாரத்தில் ஆரம்பித்ததுதான் இன்றைய கார்பெட் பூங்கா. சென்னைக்குள்ளேயே கிண்டியில் 2.7 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறதே! எங்கள் மலைக்கு அப்படிப் பட்டமெல்லாம் கிடையாது. காப்புக்காடு, அவ்வளவுதான். ஆனால் 1882-ஆம் வருஷத்து வனச் சட்டம் போட்ட அந்தக் காப்பு இல்லாவிட்டால் இந்த மரமெல்லாம் எப்போதோ விறகாகியிருக்கும் என்பார் என் கணவர்.

மறுநாளே ஒரு வேன் பேசினோம். புளிசாதம், தயிர்சாதம், கைச்சுற்று முறுக்கு எல்லாம் நான்தான் கட்டினேன். (அந்த முறுக்குதான் பின்னால் எனக்கு வினையாக வந்தது!)

முதலில் கோமுகி அணை. ஊரை ஒட்டினாற்போல் மலையடிவாரத்தில் இருக்கிறது. 46 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அன்றைக்கு நல்ல தண்ணீர். காலை வெயிலில் மலை முழுசும் தலைகீழாக அதற்குள் இறங்கியிருந்தது. பிள்ளைகள் கல்லெறிந்து மலையைக் கலைத்துக் கலைத்துச் சிரித்தார்கள். ஆற்றுத் தண்ணீர் அணையில் சேரும் பக்கம் மட்டும் டீ மாதிரி கலங்கிக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். என் கணவர் கரும்பு போடுகிறவர், தண்ணீரைப் பற்றிக் கேட்டால் போதும்.

"வெயில் காலத்துல நீ மாடியில நின்னு பார்ப்பியே, அந்தத் தீ பண்ற வேலைதான். புல்லு, சருகு எல்லாம் எரிஞ்சு தரை மொட்டையாயிடுது. அப்புறம் மழை பேஞ்சா தண்ணி உள்ளே இறங்காது. மண்ணை வழிச்சுக்கிட்டு ஓடி வந்துடும். அணையில வண்டல் ஏறினா தண்ணிக்கு ஏது இடம்?" என்றார்.

சருகு மூடிய காடு மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் கசியவிடுமாம். அணையில் தண்ணீர் நின்றால் எங்கள் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் ஏறும். இல்லாத வருஷத்தில் குடம் தூக்கிக்கொண்டு அலைவது யார்? நாம்தானே! இந்தக் கோமுகி கீழே போய் மணிமுத்தாற்றில் சேர்ந்து, மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அது வரைக்கும் எத்தனை வீட்டுச் சமையலறை இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அங்கிருந்து மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப, காற்று மாறுவது முகத்திலேயே தெரிகிறது. கீழே புழுங்கிய புழுக்கம் போய், ஈர மண்ணும் பச்சிலையும் கலந்த ஒரு வாசனை. மூங்கில் புதர்கள் ரோட்டின் மேல் வளைந்து பந்தல் போட்டிருந்தன. கடுக்காய் மரத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். இத்தனை வருஷமாய் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த காயாகத்தானே தெரியும்! ஒரு திருப்பத்தில் வேனை நிறுத்திக் கீழே பார்த்தோம். எங்கள் ஊர், கரும்புக் காடு, நெல் வயல் எல்லாம் பாய் விரித்தாற்போல் கிடக்க, நடுவில் அணை ஒரு சின்ன வெள்ளித்தட்டாக மின்னியது. என் நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. செல்போனை எடுத்தவள் படம்கூட எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மேலே இருக்கும் ஜனங்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் இல்லை, நம் தமிழ்தான் பேசுகிறார்கள். அவர்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். சரிவுகளில் சாமை, தினை, மரவள்ளி போட்டிருந்தார்கள். சாமைக் கதிர் காற்றில் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தால், யாரோ பச்சைப் புடவையை உதறிக் காயப்போடுவது போலிருக்கிறது.

வெள்ளிமலைக்குப் போகிற வழியில் பெரியார் நீர்வீழ்ச்சி. பாறையில் பட்டுச் சிதறி, வெள்ளை வெளேரென்று விழுகிறது. வழுக்குப் பாறையாதலால் பிள்ளைகளைக் கையைப் பிடித்தே நிற்க வைத்தோம். மேகம் நீர்வீழ்ச்சி என்று இன்னொன்று உண்டு. அதற்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்று சொன்னதால் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகவில்லை. அழகுக்கு நடுவே, பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் கவரும்! அதைப் பார்த்து நானே முகம் சுளித்தேன். அப்படிச் சுளித்தவள் அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன செய்தேன் தெரியுமா?

சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நாலைந்து குரங்குகள் வந்தன. ஒன்றின் வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பாவமாயிருக்கிறதே என்று முறுக்கை எடுத்துப் போட்டேன். குட்டிக்காரி வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், எங்கிருந்தோ இன்னும் பத்துப் பன்னிரண்டு வந்துவிட்டன. ஒரு பெரிய கடுவன் முறுக்கு டப்பாவுக்குத் தாவியது. டப்பா இருந்தது சின்னவன் மடியில். பிள்ளை அலற, அது முழங்கையில் நகத்தால் கீறிவிட்டு டப்பாவோடு ஓடிவிட்டது. ரத்தம்! ஊரான் வீட்டுப் பிள்ளை மாதிரி, விருந்துக்கு வந்த பிள்ளை. எனக்குக் கை கால் ஓடவில்லை.

கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த மலைக்கார அம்மா ஒருத்திதான் குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தாள். "தின்னக் குடுத்துப் பழக்கறது நீங்க. அப்புறம் அது எங்க ஊட்டுல பூந்து பானையைக் கவுக்குது. உங்க புள்ளையக் கீறினாத்தான் உங்களுக்குத் தெரியுது" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். திட்டட்டும், நியாயம்தானே!

கூட வந்த பெரியம்மா சுண்ணாம்பும் மஞ்சளும் வைக்கச் சொன்னார். நல்லவேளை, நான் விடவில்லை. சகோதரிகளே, இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கடியானாலும் குரங்கு கீறினாலும் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரி. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. ஊசி போட்டால் வராமலே தடுக்கலாம். நாங்கள் நேரே கீழே இறங்கி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், தடுப்பூசியும் போட்டார்கள். காசு இல்லை. அன்றைக்கு ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். காயம் ஆறிவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாதாம்.

திரும்பி வரும்போது நாத்தனார் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாயிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன் அண்ணி, போடாதீங்கன்னு சொன்னேனா?" என்றாள்.

இருபத்தெட்டாம் நாள் சென்னையிலிருந்து போன் வந்தது. கடைசி ஊசியும் போட்டாயிற்றாம். சின்னவனிடம் கொடுக்கச் சொன்னேன். வலித்ததா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

"அத்தை, இப்போ மேகம் இறங்கியிருக்கா? கொல்லைக்குப் போய்ப் பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.